வேனின் பின்கதவு: பூட்டில் தேடியதும் கீலில் கிடைத்ததும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும் வேன், முன்பு பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் ஓடி ஓய்ந்த வண்டி. அதன் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பதிவுச் சான்றிதழில் மாற்றத்தை முறைப்படி பதிந்துகொண்டு, ஒரு கட்டில், ஒரு சிறிய அடுப்பு மேடை, 5 கிலோ எரிவாயு உருளை, தண்ணீர்க் கேன் ஆகியவற்றோடு அதை ஒரு நடமாடும் வீடாக்கியதில் பெரும்பகுதி என் கைவேலை. ஆகவே இந்தப் பதிவில் வரும் பிழைகளிலும் பெரும்பகுதி என்னுடையவையே. வண்டியைச் செய்தவர்களுக்கோ எனக்கு விற்றவருக்கோ அவற்றில் பங்கில்லை.

இந்த வேனின் பின்கதவு ஒருநாள் திறக்காமல் சிக்கிக்கொண்டது. அந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ளப் பின்கதவின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்புறம் இரட்டைக் கதவு. வலப்பக்கக் கதவுதான் முதலில் திறக்கும். அதன் விளிம்பின் நடுவே இருக்கும் பூட்டு, இடக்கதவின் விளிம்பில் பதித்த இரும்பு வளையத்தைக் கவ்விக்கொள்கிறது. இடக்கதவுக்கு மேலும் கீழும் தாழ்கள் உண்டு என்றாலும், அவற்றை இழுக்கும் நெம்பு அக்கதவின் விளிம்புக்குள் மறைந்திருப்பதால், வலக்கதவு திறந்தால் அன்றி அதைத் தொடவே முடியாது. எனவே வலக்கதவு சிக்கிக்கொண்டால் வண்டியின் பின்புறம் முழுவதும் சுவராகிவிடும்.

ஆனி மாதத்தில் உவரிக் கடற்கரையோரம் இரண்டு இரவுகள் தங்கிவிட்டு, திசையன்விளை, ராதாபுரம் வழியாகப் பணகுடிப் பக்கம் வந்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும் காலம் அது. அந்த வட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அந்தக் காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எனக்கு ஆனியிலேயே கதவு பறந்தது. வண்டியைக் காற்றுக்கு ஒருக்களித்து நிறுத்திவிட்டு, தேநீர் போடுவதற்காக வலக்கதவைத் திறந்தபோது, காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கி முழு வீச்சில் வெளிப்புறமாக அடித்தது. கதவை ஓர் அளவுக்கு மேல் விரியவிடாமல் தடுக்கும் இரும்புப் பட்டை வளைந்து நின்றுவிட்டது. புறப்படும்போது கதவைச் சாத்தினேன். ஒரே தள்ளில் சேரவில்லை. இரண்டாம் முறை தோளால் இடித்துச் சாத்தியதும் சேர்ந்துகொண்டது. அப்போதே நின்று ஏன் என்று பார்த்திருக்க வேண்டும். இருட்டுவதற்குள் வீடு சேரும் அவசரத்தில் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கட்டில் விரிப்புகளை வெயிலில் போடலாம் என்று போனால், கதவு திறக்கவில்லை.

பின்புறத்தில் எரிவாயு உருளையை வைத்திருக்கும் வண்டியில் பின்கதவு திறக்காமல் போவதைச் சில்லறைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தேங்கும். எங்கள் வண்டியில் கட்டில் பின்பக்கம் இருப்பதால், படுத்திருப்பவருக்கு மிக அருகில் உள்ள வழி இந்தக் கதவுதான். ஆகவே கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன், பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய், ரெகுலேட்டரைக் கழற்றி உருளையை வெளியே கொண்டுவந்து வைத்தேன். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியையும் கழற்றிவிட்டேன். நம்பர் பிளேட் விளக்குக்கான கம்பி கதவுக்குள்தான் ஓடுகிறது. அதனருகே இரும்புக் கருவியை நுழைக்கப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சிக்கிய கதவின் கைப்பிடி கைக்கு எப்படித் தெரிகிறது என்பதே முதல் சோதனை. இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தால், கைப்பிடிக்கும் பூட்டுக்கும் இடையிலுள்ள ராடு கழன்றிருக்கிறது அல்லது அதன் கிளிப் உடைந்திருக்கிறது. வழக்கமான தூரம் முழுவதும் வந்து, பூட்டு விடுபடும் ஓசையும் கேட்டு, கதவு மட்டும் அசையாவிட்டால், கதவின் ஓரத்தில் நீரும் தூசியும் புகாமல் அடைக்கும் ரப்பர் பட்டை, அதாவது பீடிங், ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாதி தூரம் வந்து கல்லில் இடித்ததுபோல் நின்றுவிட்டால், பூட்டுக்குள் ஏதோ இறுகியிருக்கிறது. எனக்கு நேர்ந்தது மூன்றாவது வகை. சாவி இரு பக்கமும் தடையின்றிச் சுற்றியது. அதிலிருந்து, சாவி உருளையில் குறையில்லை, அதற்கு அப்பால்தான் ஏதோ இறுகியிருக்கிறது என்று சரியாகவே ஊகித்தேன்.

ஆனால் காரணத்தைத் தவறாக ஊகித்தேன். இரண்டு இரவுகள் உவரியின் உப்புக்காற்று, அதற்கு மேல் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் பொடி: பூட்டு துருவேறிப் பிடித்துக்கொண்டது என்று முடிவு கட்டிவிட்டேன். சாவித் துளை வழியாகவும் கதவுகளின் சந்து வழியாகவும் துருப்பிடித்ததைத் தளர்த்தும் டபிள்யூடி 40 திரவத்தைத் தெளித்தேன். அரை மணி நேரம் பொறுத்து இன்னொரு முறை தெளித்தேன். சுத்தியலின் மரப்பிடியால் பூட்டைச் சுற்றித் தட்டினேன். பயனில்லை. பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்: ஒரு காலைப் பம்பரில் ஊன்றிக்கொண்டு இரு கைகளாலும் கைப்பிடியை இழுத்தேன். உள்ளே ஏதோ நொறுங்கும் ஓசை கேட்டது. கைப்பிடி தொளதொளவென்று ஆடத் தொடங்கியது. கைப்பிடியையும் ராடையும் இணைக்கும் பிளாஸ்டிக் கிளிப் போய்விட்டது. ஒரு பழுதாக இருந்தது, என் அவசரத்தால் இரண்டாகியது. இறுகியிருக்கும் பூட்டில் கைப்பிடியின் மேல் பலம் காட்டினால் முதலில் உடைவது அந்தக் கிளிப்தான், ஏனென்றால் அந்தச் சங்கிலியில் மிக மெலிந்த கண்ணி அதுவே.

இனி வெளியிலிருந்து எதுவும் செய்ய வழியில்லை. உள்ளே போய்க் கதவின் உட்பலகையைக் கழற்றி, பூட்டின் நெம்பை நேரடியாகத் தள்ள வேண்டும். இங்கேதான் என் பழைய கைவேலை என் எதிரே வந்து நின்றது. தொழிற்சாலையில் போட்டிருந்த அட்டைப் பேடை எடுத்துவிட்டு, அழகுக்காக நான் பிளைவுட் பலகை அடித்திருந்தேன். அதில் பதினான்கு திருகாணிகள். பன்னிரண்டைக் கட்டிலின் பின்பாதியைக் கழற்றிய பிறகு எட்டிப்பிடிக்க முடிந்தது. மீதி இரண்டைக் கதவின் பூட்டுப்பக்க விளிம்பில் போட்டிருந்தேன். கதவு திறந்திருந்தால்தான் அவற்றைக் கழற்ற முடியும். அவற்றைக் கழற்றினால்தான் கதவைத் திறக்க முடியும். இந்த வகைப் புத்திசாலித்தனத்தை எந்த மெக்கானிக்கும் செய்யமாட்டார்.

வேறு வழியில்லாமல், பூட்டு இருக்கும் இடத்துக்கு நேரே பிளைவுட்டில் ஒரு சதுரத்தை அறுத்தெடுத்தேன். அறுக்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்துவதற்காக ஆக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றி, பலகையின் தடிப்புக்கு மேல் பிளேடு உள்ளே போகாதபடி கையால் பிடித்துக்கொண்டே அறுத்ததால் ஒரு மணி நேரம் ஆயிற்று. மின்கருவியால் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் பலகைக்கு நேர் பின்னால் கம்பிகள் ஓடுகின்றன என்று தெரிந்துகொண்டே அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சதுரத்தை எடுத்ததும், டார்ச் வெளிச்சத்தில் பூட்டு முழுவதும் தெரிந்தது. உடைந்த கிளிப்பின் வெள்ளைத் துண்டு கதவின் அடியில் கிடந்தது. ராடு தன் கொக்கியோடு தனியே தொங்கியது. பூட்டின் நெம்பை நீண்ட ஸ்க்ரூ டிரைவரால் தள்ளினேன். அதுவும் பாதியில் நின்றது. நான் எதிர்பார்த்த துரு அங்கே இல்லை. மேலே செம்மண் பூச்சு படிந்திருந்ததே தவிர, உறுப்புகள் நல்ல நிலையில் இருந்தன. அதைக் கண்ணால் பார்த்த பிறகும், மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றி இன்னும் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். ஒரு காரணத்தை மனம் பற்றிக்கொண்டால் கண் சொல்வது காதில் ஏறுவதில்லை.

மூன்றாம் நாள் காலை, எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் பெரியவர் அந்த வழியாக வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். நிலையும் கதவும் மாட்டியே முடி நரைத்தவர். அவர் பூட்டின் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டடி பின்னால் போய் நின்று, இரண்டு கதவுகளுக்கும் இடையிலுள்ள சந்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"தம்பி, பூட்டுல ஒண்ணும் இல்ல. கதவு தொங்கிட்டு. வீட்டுக் கதவா இருந்தா நான் மொதல்ல கீலத்தான் பாப்பேன். நீங்க என்னன்னா மூணு நாளா சாவித் தொளையவே பாத்துக்கிட்டு இருக்கியளே" என்றார்.

சட்டைப் பையிலிருந்து பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து சந்தில் நுழைத்துக் காட்டினார். கீழ்ப்பகுதியில் நாணயம் ஆடிக்கொண்டே நுழைந்தது, நடுவில் பிடித்தது, மேலே நுழையவே இல்லை. கூரைக்கும் கதவுக்கும் இடையிலுள்ள சந்திலோ, கீல் பக்கத்தைவிடப் பூட்டுப் பக்கம் அகலம் கூடியிருந்தது. ஒரு கதவின் மேல்கீல் தளர்ந்தால், கதவு கீழ்க்கீலை மையமாகக் கொண்டு சாயும். அதன் மேல்முனை எதிர்க்கதவை நெருங்கும், பூட்டுப் பக்க விளிம்பு முழுவதும் கீழே இறங்கும். நாணயம் சொன்னது அதுவேதான்.

கைப்பிடி ஏன் பாதியில் நின்றது என்பது அப்போது விளங்கியது. இவ்வகைப் பூட்டினுள் இரண்டே முக்கிய உறுப்புகள். வளையத்தைச் சுற்றிக்கொள்ளும் கவ்வி ஒன்று. அந்தக் கவ்வி திரும்பிவிடாமல் தடுத்து நிற்கும் பல் மற்றொன்று. கைப்பிடி செய்வதெல்லாம் அந்தப் பல்லை விலக்குவது மட்டுமே. பல் விலகியதும், சுருள்வில்லின் விசையும் நசுங்கியிருந்த ரப்பர் பீடிங்கின் விசையும் சேர்ந்து கவ்வியைத் திருப்பிக் கதவை வெளியே தள்ளும். கதவு கீழே இறங்கிவிட்டால், அதன் எடையில் ஒரு பங்கைக் கீல் தாங்குவதற்குப் பதிலாக இந்தக் கவ்வி வளையத்தின் மேல் தொங்கித் தாங்குகிறது. அந்தப் பாரம் பல்லின் முனையில் வந்து இறுகும்போது, விரலளவு நீளமுள்ள நெம்பால் அதை நகர்த்த முடியாது. நான் தோளால் இடித்துச் சாத்தியபோது கவ்வியை அந்த நிலையில் ஆப்பு அடித்ததுபோல் இறுக்கிவிட்டிருக்கிறேன். பழைய வீடுகளில் மழைக்காலத்தில் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் வரும் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். வண்டிக் கதவும் கதவுதான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

கதவைத் தூக்குவதற்கு நான் ஜாக்கியை எடுக்கப் போனேன். பெரியவர் தடுத்து, கடப்பாரையைக் கேட்டார். "தேருக்குத் தடி போடுத மாதிரி போடணும். சன்னமாத் தூக்கணும், கை சொல்லும்" என்றார். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு இன்னும் இரண்டே நாட்கள் இருந்ததால் தேர்ச் சக்கரத்தின் அடியில் தடியைக் கொடுத்து நெம்பும் அந்த உவமை அவர் வாயில் வந்திருக்கலாம்; ஆனால் அது பொருத்தமான யோசனையும்கூட. ஜாக்கி எத்தனை அழுத்துகிறது என்பது கைக்குத் தெரியாது. கதவின் மடித்த தகட்டு விளிம்பு நசுங்கிய பிறகுதான் தெரியும். நெம்புகோலில் எதிர்ப்பு கூடுவதும் குறைவதும் உடனே உள்ளங்கையில் தெரியும்.

பம்பரின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன் மேல் ஐந்தடிக் கடப்பாரையைக் கிடத்தி, கதவின் பூட்டுப் பக்கக் கீழ்விளிம்புக்கு அடியில் அதன் நுனியைக் கொடுத்தோம். தகட்டுக்கும் இரும்புக்கும் இடையில் பழைய சைக்கிள் டியூபை நான்காக மடித்து வைத்தோம். நுனியிலிருந்து கட்டை வரை அரையடி, கட்டையிலிருந்து கைவரை நான்கரை அடி. அதாவது ஒரு கிலோ அழுத்தினால் ஒன்பது கிலோ தூக்கும். என் தங்கை மகன் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான். பெரியவர் கதவைத் தோளால் உட்புறமாக அழுத்தி, பீடிங்கின் எதிர்விசையைக் கவ்வியிலிருந்து விலக்கினார். நான் வண்டிக்குள் குனிந்து, அறுத்த சதுரத்தின் வழியே ஸ்க்ரூ டிரைவரை நெம்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை அவன் ஒரு நூலளவு கூடுதலாக அழுத்தியபோது, நெம்பின் இறுக்கம் திடீரென்று தளர்ந்ததை உணர்ந்தேன். அதற்குப் பிறகு நான் தள்ளியதாகக்கூடச் சொல்ல முடியாது. விரல் பட்டதும் பல் விலகிவிட்டது. "மாமா, வந்துட்டு!" என்று வெளியே கத்தினான். மூன்று நாட்களாக நான் முட்டி மோதிய கதவு, ஓசையின்றி ஒரு விரற்கடை வெளியே வந்து நின்றது.

திறந்த கதவை மறுபடி சாத்தாமல் வைத்துக்கொள்வதே அதன் பிறகு எங்கள் முதல் கவலை. கவ்விக்குள் ஒரு துணியைத் திணித்துக் கட்டிவிட்டு, மேல்கீலைப் பார்த்தேன். கதவின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் மேல்கீலின் இரு பகுதிகளும் ஒன்றோடொன்று ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது. கீழ்க்கீலில் அந்த ஆட்டம் இல்லை.

கழற்றுவதற்கு முன், கீல்தகடு வண்டியின் உடலில் பதிந்திருந்த இடத்தைச் சுற்றி ஆணி முனையால் கோடு கிழித்துக்கொண்டேன். இந்தக் கோடு இல்லாவிட்டால் கதவைத் திரும்ப மாட்டுவது அரை நாள் வேலையாகிவிடும். முதல் நாள் இரவே போல்ட்டுகளுக்கு டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டிருந்ததால், 13ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனருக்கு மூன்று எளிதாக வந்தன. நான்காவது போல்ட்டைச் சற்று இறுக்கி, பின் தளர்த்தி, மீண்டும் இறுக்கித் தளர்த்தி எடுக்க வேண்டியிருந்தது. ஒரே திசையில் விடாமல் முறுக்கினால் துருவேறிய போல்ட் தலையோடு கையில் வந்துவிடும். கதவைக் கழற்றும்போது அதன் அடியில் ஒரு ஸ்டூலும் மேல் பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தாக வேண்டும். கழற்றிய கதவை மட்டும் எடை போட்டோம்: 28 கிலோ.

மேல்கீலின் ஆணியை, பட்டறைப் பேச்சில் பின்னு என்பார்கள், தட்டி எடுத்து வெர்னியரால் அளந்தேன். 10 மி.மீ. இருக்க வேண்டிய விட்டம், தேய்ந்த பக்கத்தில் 9.3 இருந்தது, அது நுழையும் துளை ஒரு பக்கமாக 10.8 வரை நீண்டு முட்டை வடிவாகியிருந்தது. ஆக 1.5 மி.மீ. ஆட்டம். அத்துடன் காற்றடித்த வேகத்தில் கீல்தகடு 2.5 மி.மீ. அளவுக்கு வெளிப்புறம் வளைந்திருந்தது. இரண்டும் சேர்ந்து 4 மி.மீ. கதவின் அகலம் 70 செ.மீ., கீல்களுக்கு இடையே உள்ள தூரம் 90 செ.மீ. என்பதால், மேல்கீலில் 4 மி.மீ. விலகினால் பூட்டுப் பக்கம் ஏறத்தாழ 3 மி.மீ. இறங்கும். பூட்டைத் திணறடிக்க அந்த மூன்று மில்லிமீட்டர் போதுமானதாக இருந்திருக்கிறது.

காற்று ஒரே நாளில் தகட்டை வளைத்தது என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆணி ஒரு நாளில் தேயாது. கீழ்க்கீல் நன்றாக இருக்க மேல்கீல் மட்டும் ஏன் தேய்ந்தது என்று யோசித்தபோது, கழற்றி மூலையில் வைத்திருந்த தண்ணீர்க் கேன் கண்ணில் பட்டது. கதவின் உட்புறத்தில் ஒரு இரும்புத் தாங்கி அடித்து, அதில் 20 லிட்டர் கேனை மாட்டி வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் கை கழுவ வசதியாக இருக்கும் என்பது என் கணக்கு. உண்மையான கணக்கு வேறு. கதவின் எடை 28 கிலோ, அதன் மையம் கீலிலிருந்து 35 செ.மீ.; 28ஐ 35ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால், மேல்கீலைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை சுமார் 11 கிலோ. கேன் 20 கிலோ, கீலிலிருந்து 50 செ.மீ. தூரத்தில்; அதே முறையில் கணக்கிட்டால் அதுவும் சுமார் 11 கிலோ. கேனை மாட்டியதால் மேல்கீலின் சுமை இரட்டிப்பாகியிருக்கிறது. இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. வேகத்தடைகளிலும் குழிகளிலும் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது எத்தனை மடங்காகியிருக்கும் என்பதை ஆணியின் தேய்மானமே சொன்னது. பணகுடிக் காற்றும் அப்படித்தான்: மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 12 கிலோ எடையளவு அழுத்தும். கேன் நிறைந்த கதவு அந்த அழுத்தத்தில் வேகமெடுத்து, தடுப்புப் பட்டையில் மோதி நிற்கும்போது கேனின் கனமும் சேர்ந்து கீலைப் பிடுங்கியிருக்கிறது. வெறும் கதவாக இருந்திருந்தால் பட்டை ஒருவேளை தாங்கியிருக்கும்.

கீலை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். துளையை 13 மி.மீ.க்குக் கடைந்து பித்தளை புஷ், அதாவது ஆணியைச் சுற்றி உட்காரும் சிறு குழாய், போடுவது ஒரு வழி. ஆணியை மட்டும் சற்றுப் பருமனாகக் கடைந்து போடுவது மலிவான வழி. "அண்ணாச்சி, பின்ன மட்டும் மாத்துனா ஒரு வருசம் ஓடும். புஷ்ஷும் போட்டா இத நீங்க மறந்துருவிய" என்றார் பட்டறைக்காரர். புஷ் போடச் சொன்னேன். இரும்போடு இரும்பு உரசுவதைவிட இரும்போடு பித்தளை உரசினால், தேய்மானம் முதலில் பித்தளைக்குப் போகும். ஐம்பது ரூபாய்ப் பொருள் தேயலாம், கீல் தேயக் கூடாது. தகட்டை வைஸில் பிடித்து நேராக்கி, ஆணியின் மேல்முனையில் கிரீஸ் போக ஒரு சிறு துளையும் போட்டுத் தரச் சொன்னேன். மறுநாள் வரச் சொல்லிவிட்டு, உடனே தலையில் கைவைத்து, நாளை தேரோட்டம் என்று நினைவுபடுத்தினார். ஊர் முழுவதும் வடம் பிடிக்கப் போயிருக்கும் நாளில் லேத் ஓடாது. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்ததும் நல்லதாயிற்று. கதவின் அடிப்பகுதியைப் பார்க்க நேரம் கிடைத்தது.

எந்த வண்டியின் கதவிலும் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகள் இருக்கும். கண்ணாடியின் ரப்பர் ஓரமாக மழைநீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது இந்தத் துளைகள் வழியே வெளியேறிவிட வேண்டும். என் கதவில் மூன்று துளைகள். இரண்டைத் தேரிச் செம்மண் களிம்புபோல் அடைத்திருந்தது. மூன்றாவதை நான்தான், தூசி வராமல் இருக்கட்டும் என்று, சீலண்ட் வைத்து அடைத்திருந்தேன். தகடு உள்ளே பொரிந்து கிடந்தது. நல்லவேளையாக ஓட்டை விழவில்லை. கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, மண்ணைக் கழுவி, முழுதும் காய்ந்த பிறகு ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு கொடுத்தேன்.

பூட்டைப் பெட்ரோலில் கழுவினேன். முன்பு நான் தெளித்த டபிள்யூடி 40 பற்றி ஒரு வார்த்தை: அதன் பெயரே நீரை விலக்கும் கலவையின் நாற்பதாவது முயற்சி என்பதைக் குறிப்பது. ஈரத்தை விரட்டவும் பிடித்த போல்ட்டைத் தளர்த்தவும் நல்லது. நாட்பட நிற்கும் மசகாக அதை நம்பக் கூடாது. அதே நேரம் இந்த வட்டாரத்தில் எண்ணெயையும் தாராளமாக ஊற்றக் கூடாது. தேரி மணலின் பொடி மாவைப்போல் நுண்மையானது. எண்ணெயில் ஒட்டினால் அரைக்கும் பசையாகிவிடும். கவ்வியின் சுழல் அச்சில் மட்டும் தீக்குச்சி நுனியால் கிரீஸ் வைத்தேன். சாவி உருளைக்குக் கிராஃபைட் தூள் போட்டேன்.

உடைந்த கிளிப்புக்கு ஜங்ஷன் பக்கம் உதிரிப் பாகக் கடையில் பத்து ரூபாய் கேட்டார்கள். நான்கு வாங்கினேன்.

கதவைத் திரும்ப மாட்டும்போது, முன்பு கிழித்த கோட்டுக்குள் கீல்தகட்டை அமைத்து போல்ட்டுகளைப் பாதி இறுக்கத்தில் விட்டு, நாணயத்தால் சந்தை மேலிருந்து கீழ்வரை ஒப்பிட்டு, ஒரே சீராக வந்த பிறகே முழுதும் இறுக்கினேன். வளையத்தின் திருகுகளையும் சற்றுத் தளர்த்திவிட்டு, கதவை மெல்லச் சாத்தினால், கவ்வி தனக்குப் பொருந்தும் இடத்துக்கு வளையத்தைத் தானே நகர்த்திக்கொள்ளும். பிறகு வளையம் அசையாதபடி கதவைத் திறந்து திருகுகளை இறுக்கலாம். பீடிங் எல்லா இடத்திலும் படிகிறதா என்று பார்க்க, நாளிதழைக் கீற்றாகக் கிழித்து ஓரங்களில் வைத்துச் சாத்தி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். கீழ்மூலையில் ஒரு கீற்று மட்டும் தடையின்றி வந்தது. அங்கே பீடிங்குக்கு அடியில் ஒரு சிறு ரப்பர் துண்டு கொடுத்தேன். பிறகு என் மனைவி ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்க, நான் உள்ளே டார்ச்சுடன் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. லேத் கூலி 650 ரூபாய், மற்றவை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,400 ரூபாய் செலவு.

அறுத்த சதுரத்தை அடைக்கவில்லை. அதற்கு ஒரு மூடி செய்து, கையாலேயே திருகக்கூடிய இரண்டு திருகுகளால் பொருத்திவிட்டேன். பூட்டின் நெம்பில் ஒரு சைக்கிள் பிரேக் கேபிளைக் கட்டி, அதன் மறுமுனையைச் சிவப்பு வளையத்தோடு கட்டிலருகே கொண்டுவந்திருக்கிறேன். கைப்பிடியோ ராடோ கிளிப்போ எது போனாலும், படுத்த இடத்திலிருந்து இழுத்துக் கதவைத் திறக்கலாம். விளிம்பில் இருந்த அந்த இரண்டு திருகாணிகளைத் தூக்கி எறிந்துவிட்டேன். தண்ணீர்க் கேன் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தரையில் போய்விட்டது. கதவில் இப்போது தொங்குவது ஒரு துண்டு மட்டுமே. தடுப்புப் பட்டையை நேராக்கியதோடு, அதற்குத் துணையாக ஒரு நைலான் வாரும் மாட்டியிருக்கிறேன். காற்றடிக்கும் இடத்தில், திறப்பதற்கு முன் வாரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன்.

சோதனைக்காகப் பாபநாசம் வரை போய்வந்தோம். அம்பாசமுத்திரத்தைத் தாண்டிய பிறகு வழியில் மூன்று இடங்களில் நிறுத்திக் கதவைத் திறந்து சாத்தினேன். ஒரு விரலால் இழுத்தாலே வந்தது. வீடு திரும்பியதும் பெரியவரின் நாணயத்தை மறுபடி வாங்கி இரு சந்துகளிலும் நுழைத்துப் பார்த்தேன். வலக்கதவில் மாற்றமில்லை. இடக்கதவின் மேல்கீலில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் ஆட்டம் தெரிகிறது. லேத்தில் கூடுதலாகச் செய்து வாங்கிய ஒரு ஆணியும் இரண்டு புஷ்களும் கிரீஸ் தடவிய காகிதத்தில் சுற்றி, முன்னிருக்கை டப்பாவில் இருக்கின்றன.